மாப்பிள்ளைக் காருக்கு மூச்சு முட்டியது

யோகலிங்கத்துக்குப் பேசிய முதல் இரண்டு கலியாணங்களும் குழம்பியதற்குக் கியர்ப்பெட்டிதான் காரணம். பெண் வீட்டில் யாராவது மரியாதைக்கு, "கார் எப்பிடி, நல்லா ஓடுதோ?" என்று கேட்டுவிடுவார்கள். அவன் உடனே தட்டத்திலிருந்து இரண்டு முள்ளு முறுக்கை எடுத்து, ஒன்றின் முள்ளில் மற்றதன் முள்ளைக் கொழுவி, சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறைந்து பலம் கூடும் விதத்தைக் காட்டத் தொடங்குவான். காட்டி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். பெண்ணும் எழுந்து உள்ளே போயிருப்பாள்.

ஆகவே வற்றாப்பளையில் மூன்றாவது சம்பந்தம் பேசப் போனபோது அவனுடைய தமக்கை இராசமலர் வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "காரைப் பற்றி ஒரு சொல் கதைச்சியெண்டால் நான் இனி உன்ரை கலியாணக் கதைக்கே வரமாட்டன்." அவன் வாய் திறக்கவில்லை. சம்பந்தம் சரிவந்தது. பெண்ணின் பெயர் அருந்ததி.

ஆனால் ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம்தான் கிடைத்தது. பத்தரைக்கு முன் தாலி ஏற வேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும். ஆவணி வரை காத்திருக்க வேண்டும். பெண்ணின் தாய்மாமன் ஐயாத்துரை காத்திருக்கிற ஆள் இல்லை. அவர் தன் பக்கத்தில் வேறொரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறார் என்பது ஊரறிந்த விஷயம்.

முரசுமோட்டையிலிருந்து மாப்பிள்ளைக் கார் நேரத்தோடுதான் புறப்பட்டது. அது யோகலிங்கத்தின் சொந்தக் கார், பழைய ஒஸ்ரின். அதை ஆணி ஆணியாகக் கழற்றித் திரும்பப் பூட்டியவன் அவன். பூட்டி முடிந்தபின் மிஞ்சிய ஒரேயொரு ஆணிச்சுரையை இன்னும் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தான். இன்றைக்கு மட்டும் அவன் அதை ஓட்டக்கூடாது. தலைப்பாவும் மாலையுமாகப் பின்னால் நடுவில் இருந்தான். ஒரு பக்கம் இராசமலர். மறுபக்கம் மாப்பிள்ளையை அழைத்துப்போக வந்த தோழன், அருந்ததியின் தம்பி தவராசா. ஓட்டியவன் முல்லைத்தீவில் கடை வைத்திருக்கும் சிநேகிதன் ஜவாஹிர். அவனுக்குக் காரை நன்றாக ஓட்டத் தெரியும். காருக்குள்ளே என்ன நடக்கிறது என்பது அல்லாவுக்கும் யோகலிங்கத்துக்கும் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டவன்.

"ஒண்டு சொல்லிப்போட்டன்," என்றாள் இராசமலர். "பொம்பிளை வீட்டுப் படலையிலை தோழன் கால் கழுவிற வரைக்கும் உன்ரை கால் நிலத்திலை படக்கூடாது."

விசுவமடுக் காட்டுக்குள் நுழைந்ததும் ஜவாஹிர் முன்னால் எட்டிப் பார்த்தான். "மச்சான், புகை வருது."

"புகையெண்டால் மணக்கும். இது ஆவி. நிழலிலை விட்டு எஞ்சினை நிப்பாட்டு."

கார் நின்றதும் தவராசா பாய்ந்து இறங்கி, பொனற்றைத் தூக்கி, றேடியேற்றர் மூடியில் கையை வைக்கப் போனான்.

"தம்பி, தொடாதை!"

யோகலிங்கம் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகளே கலைந்தன. அவன் பயந்ததில் நியாயம் உண்டு. இறுக மூடிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டியும் கொதிக்காமல் பொறுமையாக இருக்கும். மூடியைத் திறந்தால் அதன் பொறுமை ஒரே நொடியில் முடிந்துவிடும். முழுவதும் ஆவியும் கொதிநீருமாகத் திறந்தவனின் முகத்துக்குத்தான் வரும்.

"அப்ப பச்சைத் தண்ணியை மேலாலை ஊத்துவமோ, அத்தான்?"

"எரியிற லாம்பின்ரை கண்ணாடிச் சிமிளியிலை ஒரு சொட்டுத் தண்ணி பட்டால் என்ன நடக்கும்?"

"வெடிக்கும்."

"இரும்பும் அப்பிடித்தான். ஆற விடு."

தவராசா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காரைச் சுற்றி நடந்தான். ஆறியபின் மூடியைப் பிடிக்கத் தடித்த துணி தேவைப்பட்டது. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். கடைசியில் பார்வை ஓரிடத்தில் நின்றது.

"தலைப்பாவோ!" என்று இராசமலர் அலறினாள்.

"எட்டு மடிப்பு, அக்கா. இதைவிடத் தடிச்சது இந்தக் காட்டுக்குள்ளை இல்லை."

தலைப்பா ஜன்னலால் போனது. பின்னாலேயே மாப்பிள்ளையின் கட்டளைகளும் போயின: "முகத்தைத் திருப்பு. கால்வாசி மட்டும் திருகு. சீறி முடியட்டும். இப்ப மிச்சத்தைத் திருகு." ஜவாஹிர் அப்படியே செய்தான். தலைப்பாவில் செம்பழுப்பாகத் துருத்தண்ணி தெறித்தது.

அடுத்த சிக்கல் தண்ணீர். காரின் டிக்கியில் எப்போதும் கிடக்கும் தண்ணீர்த் தகரத்தை இராசமலர் இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்தில் பலகாரப் பெட்டிகளை ஏற்றியிருந்தாள். மிஞ்சிய பெட்டி ஒன்று அவள் மடியில் இருந்தது. கையில் அகப்பட்ட பாத்திரம் பன்னீர்ச்செம்பு ஒன்றுதான். அதன் தலையைக் கழற்றிக்கொண்டு தவராசா பக்கத்து வாய்க்காலுக்கும் காருக்கும் இடையில் ஓடினான். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். எத்தனை செம்பு என்று கடைசியில் அவனுக்கே தெரியவில்லை.

புறப்பட்டார்கள். புதுக்குடியிருப்புக்குக் கிட்டப் போனபோது மறுபடியும் ஆவி.

"உன்ரை காருக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லைப் போல," என்றான் ஜவாஹிர்.

யோகலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடி யோசித்தான். எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்குகிறது. றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் இறங்குகிறது. முன்னாலிருந்து வரும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோகிறது. தேத்தண்ணியை இழுத்து ஆற்றுகிற அதே வேலைதான். அப்படியானால் குறை தண்ணீரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விசிறியில், இல்லாவிட்டால் காற்றில்.

"ஜவாஹிர், கீழாலை ஒழுகுதோ?"

"இல்லை."

"விசிறி பெல்ற்றைப் பெருவிரலாலை அமத்து. தொய்யுதோ?"

"கொஞ்சமாய். அரை அங்குலம்."

"அது சரியான கணக்கு. அப்ப காத்துத்தான். நான் முன்னுக்குப் போய்ப் பாக்கவேணும்."

"கால்!" என்றாள் இராசமலர்.

"நிலத்திலை படாது."

பொனற்றை மூடச் சொன்னான். இருக்கையில் விரித்திருந்த வெள்ளைத் துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கதவால் வெளியேறி, காரின் பக்கப் படியால் நகர்ந்து, முன்சக்கரத்தின் மட்காட்டில் கால் வைத்தான். சூட்டுக்குத் துணியைப் பொனற்றில் விரித்து அதன்மேல் குப்புறப் படுத்தான். மாலை கண்ணை மறைத்தது. அந்த நேரம் பார்த்து முல்லைத்தீவு பஸ் வந்தது.

"என்ன மாப்பிள்ளை, உள்ளுக்கை இடமில்லையோ?" என்று கண்டக்டர் கத்த, பஸ் முழுவதும் ஒரு பக்கத்துக்குச் சாய்ந்து சிரித்தது.

யோகலிங்கம் தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தான். காரின் முன்முகம் முழுவதும் இராசமலரின் சோடினை: குரோட்டன் இலையும் செவ்வந்தியும் நெருக்கிக் கட்டிய திரை. காலையில் அவன் முழுகி உடுத்துக்கொண்டிருந்தபோது கட்டியது. இலைகளுக்கு இடையில் விரலை விட்டான். விரல் எதிலோ முட்டியது.

"அக்கா, இதுக்குப் பின்னாலை என்ன?"

"பன்பாய். பூ காத்திலை பறக்காமல் பாயிலை வைச்சுத் தைச்சனான். ஒரு இதழ் விழுந்ததோ பார்!"

ஒரு இதழும் விழவில்லை. முரசுமோட்டையிலிருந்து ஒரு முழம் காற்றும் உள்ளே போகவில்லை.

"இதை அவிழ்க்கவேணும்."

"தாலி ஏற முதல் சோடினையை அவிழ்க்கிறதோ? நான் இருக்கிற வரைக்கும் நடவாது!" காரை விட்டு இறங்கி வந்த இராசமலர், பட்டுச்சேலையில் வியர்த்து வடிய, ஓலை விசிறியால் விசுக்கிக்கொண்டே சோடினைக்கு முன்னால் நின்றாள்.

தவராசா மணியைப் பார்த்தான். "அத்தான், ஐயாத்துரை மாமா இப்ப படலையிலை நிண்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பார்."

யோகலிங்கம் பொனற்றில் எழுந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். "தம்பி, அந்த வெத்திலைத் தட்டத்தைத் தா." வெற்றிலையைக் கொட்டிவிட்டுத் தட்டத்தைத் தமக்கையின் முகத்துக்கும் விசிறிக்கும் நடுவில் பிடித்தான். "இப்ப விசுக்குங்கோ, அக்கா."

அவள் விசுக்கினாள்.

"காத்து வருதோ?"

"தட்டத்தை மறைச்சுப் பிடிச்சால் எப்பிடியடா வரும்? எனக்கு மூச்சு முட்டுது, எடு!"

"காரும் அதைத்தான் சொல்லுது, அக்கா. அதுக்கு வாய் இல்லை, ஆவியாலை சொல்லுது."

இராசமலர் விசிறியைப் பார்த்தாள், தட்டத்தைப் பார்த்தாள், தன் சோடினையைப் பார்த்தாள். கடைசியில் தொண்டையைச் செருமினாள். "அவிழ்க்கிறது கூடாது. இடம் மாத்தலாம். அதுக்குக் குற்றமில்லை."

சோடினை காரின் பின்பக்கம் போனது. எஞ்சினை ஆறவிட்டு, மறுபடி செம்பு செம்பாக நிரப்பிப் புறப்பட்டார்கள். அதன்பின் கார் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது.

வற்றாப்பளையில் ஐயாத்துரை படலையில்தான் நின்றார். வந்த காரின் முகம் மொட்டையாக இருந்தது, முதுகில் பூந்தோட்டம். மாப்பிள்ளையின் தலைப்பாவில் செங்கறை. அவர் வாயைத் திறப்பதற்குள் தவராசா அத்தானின் காலில் தண்ணீரை ஊற்றி, கால் கழுவியதற்குத் தோழனுக்குரிய மோதிரத்தைக்கூடக் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். முகூர்த்தம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது தாலி ஏறியது.

ஐயர் அக்கினிக்கு நெய் வார்க்கிறபோது அருந்ததி தலை நிமிராமல் மெதுவாகக் கேட்டாள். "தலைப்பாவிலை என்ன கறை?"

யோகலிங்கம் தமக்கையைப் பார்த்தான். அவள் தூரத்தில் நின்றாள். "துருத்தண்ணி," என்று தொடங்கினான். ஐயர் மந்திரத்தை நிறுத்தி இரண்டு தரம் முறைத்தார். லாம்புச் சிமிளி, எட்டு மடிப்பு, பன்பாய் எல்லாம் முடியத்தான் அவன் நிறுத்தினான். அருந்ததி முகத்தை அக்கினிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போச்சுது என்று நினைத்துக்கொண்டான்.

சாப்பாடு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போகும் நேரம். காரின் முன்பக்கம் வெறுமையாக இருப்பது பொறுக்காமல் அருந்ததியின் மாமிமார் பெரிய மாலையும் ஒரு சரிகைத் துணியும் கொண்டு ஓடிவந்தார்கள்.

"அதிலை கட்டாதேங்கோ, மாமி," என்றாள் அருந்ததி. "அதாலைதான் காத்து உள்ளுக்குப் போறது. மறைச்சால் தண்ணி கொதிக்கும். மேலை கட்டுங்கோ."

யோகலிங்கம் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தானும் காரில் ஏறி இருந்தான். இராசமலர் இம்முறை, பெண் வீட்டார் கொடுத்த பலகாரப் பெட்டியோடு முன்னால் இருந்தாள். கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து அருந்ததியின் குரல் கேட்டது.

"ரெண்டு கலியாணத்தைக் குழப்பின உந்தக் கியர்ப்பெட்டி எண்டது என்ன?"

இராசமலர் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மடியிலிருந்த பெட்டியைத் திறந்து, இரண்டு முள்ளு முறுக்கை எடுத்து, திரும்பிப் பாராமலே பின்னுக்கு நீட்டினாள்.