படிக்காமல் விட்ட செய்தி

வாக்குப்பதிவு நாள் காலையில் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டிருந்தார். பார்வை போன பிறகு கற்றுக்கொண்ட வழி அது. கீழே தொடங்கினால் மாறிப்போகாது. மனைவி பக்கத்தில் நின்று அவருடைய கைக்குட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காத கைக்குட்டை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது அவளுக்கு.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டியா?" என்றபடி ரேடியோ உள்ளே வந்தார். பஸ் டிப்போவில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாததால் அந்தப் பெயர்.

"பின்னே? இந்தத் தடவையும் நம்ம ஆட்சிதான். ஊர் ஊரா கண் டாக்டர் வேன் விடப்போறாங்க. இனிமே எவனும் என்னை மாதிரி லேட்டாப் போயி கண்ணத் தொலைக்க வேண்டாம்."

"கண் வேனா? யோவ், அது அந்தப் பக்கத்து ஆளுங்க சொன்னது. நம்மாளுங்க நம்ம டிப்போ ஒர்க்‌ஷாப்பை இழுத்து மூடறோம்னுல்ல சொல்லியிருக்காங்க."

"பேட்டரி தீந்துபோச்சு உனக்கு. மாத்து. இவ பேப்பர்ல பாத்துப் படிச்சா, நான் காதால கேட்டேன்."

ரேடியோ அவளைப் பார்த்தார். அவள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தினார். "நான் முன்னாடி போறேன், வரிசை பெருசாயிடும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

கட்சி அவள் கணவருக்கு வெறும் கட்சி அல்ல. தினக்கூலி மெக்கானிக்குகளை நிரந்தரமாக்கச் சொல்லி டிப்போ வாசலில் உட்கார்ந்தபோது, கொட்டும் மழையில் கூடவே வந்து உட்கார்ந்தவர்கள் அந்தக் கட்சிக்காரர்கள். வேலை நிரந்தரமான பிறகுதான் அவளைப் பெண் கேட்டு வந்தார். "எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச தாய்மாமன் எங்க கட்சிதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். தேர்தல் வந்தால் அவர் காட்டிய சின்னத்தில் அவளும் போட்டுவிட்டு வருவாள். அதற்கு மேல் யோசிக்க அடுப்படி விட்டதில்லை.

கண் போனபின் பேப்பர் அவள் கைக்கு வந்தது. இரண்டாவது ஆபரேஷன் முடிந்து கட்டோடு அவர் படுத்திருந்த நாளில், ஒர்க்‌ஷாப்பை மூட அரசு முடிவெடுத்த செய்தி முதல் பக்கத்தில் கிடந்தது. ரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பக்கத்தைத் திருப்பி மழைச் செய்தியைப் படித்தாள். ஒருநாள்தானே என்று நினைத்தாள். ஆனால் செய்தி ஒருநாளோடு நிற்கிறதா? மறுநாள் அதன் தொடர்ச்சி வந்தது, அதற்கடுத்து ஓர் ஊழல் வந்தது. பிள்ளைக்கு மீனில் முள் எடுத்து ஊட்டுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கிப் படித்தாள். ஒதுக்குவதற்காக அவள் எல்லாவற்றையும் முன்கூட்டியே படிக்க வேண்டியிருந்தது. படித்தவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கவும் தொடங்கினாள். பாத்திரம் தேய்க்கும்போதுகூட மனசுக்குள் வாதாடினாள். ஒரு நாள் கட்சியைப் பற்றி நல்லதாக ஒரு வரியும் அகப்படவில்லை. எதிர்க்கட்சியின் கண் வேன் வாக்குறுதியைக் கட்சிப் பெயரை மட்டும் மாற்றிப் படித்துவிட்டாள். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகவும் சாப்பிட்டார்.

"ரேடியோ சொன்னது நெசமா?" என்றார், கடைசிப் பொத்தானைப் பிடித்தபடி.

"நெசந்தாங்க."

"வேன்?"

"அது அவங்க சொன்னது. நான்தான் நம்ம கட்சி பேரைப் போட்டுப் படிச்சேன்."

"ஏன்?"

"அன்னைக்கு உங்க முகம் நல்லா இருந்துச்சு. அதைப் பாத்து ரொம்ப நாள் ஆச்சு."

அவர் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தார். தெருவில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி இல்லாமல் அமைதியாகப் போனது.

"கண்ணு மட்டுந்தான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அவள் அழவில்லை. அழுதால் அவர் தேற்ற வேண்டிவரும், அது நியாயமில்லை என்று தோன்றியது.

"பழைய பேப்பர் இருக்கா, போட்டுட்டியா?"

"பரண்ல இருக்குங்க."

"எடுத்துட்டு வா. விட்டதையெல்லாம் படி."

தரையில் பேப்பர்களைப் பரப்பி உட்கார்ந்து படித்தாள். தொண்டை கட்டியபோது, "நிறுத்தாத" என்றார். அந்த மழையில் அவரோடு உட்கார்ந்த ஒருவர்தான் இப்போது இங்கே கட்சியின் வேட்பாளர். ஒர்க்‌ஷாப் வெட்டிச் செலவு என்று அந்த வேட்பாளர் பேட்டி கொடுத்திருந்தார்.

"அவனா சொன்னான்? அவன் வாயாலயா?"

"ஆமாங்க."

"திரும்பப் படி."

திரும்பப் படித்தாள்.

"சரி, அந்தப் பக்கத்து ஆளுங்க மட்டும் யோக்கியமா?"

"இல்லீங்க. போன தடவை ஆட்சியில இருந்தப்பவும் இதே வேனைத்தான் சொன்னாங்க. ஒண்ணுகூட ஓடலை."

"அதையும் நீ சொல்லலையே."

"அதைச் சொன்னா வேன் எப்படிங்க ஓடும்?"

சிரிப்பு வருவதுபோல் அவர் உதடு கொஞ்சம் அசைந்து அடங்கியது. "நீ யாருக்குப் போடப்போற?"

"சொல்ல மாட்டேன்."

"நான் காட்டுறதுக்குத்தானே போடுவ?"

"போன தடவை வரைக்கும்."

வாக்குச்சாவடிக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூட அறை, கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு. பார்வையற்றவருக்குத் துணையாக அவளே கூடப்போய் அவருக்காகப் பொத்தானை அழுத்தலாம், அதற்கு அனுமதி உண்டு. அவள் அவருடைய முழங்கையைப் பிடித்தாள். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இவங்கதான உங்க துணை?" என்று கேட்டாள் தேர்தல் அலுவலர்.

"பொண்டாட்டி. ஆனா இது நானே போட்டுக்கறேன்மா. நீங்க பேரையெல்லாம் மேலேருந்து வரிசையாப் படிச்சுக் காட்டுங்க. ஒண்ணும் விடக்கூடாது."

அலுவலர் நிதானமாகப் படித்தாள். கேள்விப்படாத சுயேச்சைகளின் பெயர்களுக்குக்கூட அவர் தலையை ஆட்டினார். பிறகு மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்.

அடுத்து அவள் முறை. விரலில் மை ஈரமாக இருந்தது. அட்டைக்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அலுவலர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். இயந்திரத்தின் சத்தம் இன்னும் வரவில்லை. அட்டைக்குப் பின்னால் விரல் ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டு இறங்குவதும், மறுபடி மேலிருந்து தொடங்குவதும் அவளுக்குக் கேட்பதுபோல் இருந்தது. அழுத்தப்போகிறவர்போல அவருடைய வலது குதிகால் செருப்பிலிருந்து மெல்ல உயர்ந்து, அப்படியே நின்றது.