சிறைக்கு மாற்றல் வந்தபோது

ஊர்ச் சிறைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. உள்துறையிலிருந்து விடுபட்டு, தலைநகரத்தில் இருக்கும் நீதி அமைச்சகத்தில் போய்ச் சேர வேண்டும். சிறை மூட்டை கட்டத் தொடங்கியது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. தாசில்தாருக்கு மாற்றல் வரும், டீச்சருக்கு மாற்றல் வரும், சிறைக்கு மட்டும் வராதா? கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும் என்பார்கள். மேய்க்கிறவரைத் தூக்கியடிப்பதும் அதில் சேர்த்திதான்.

அந்த நாட்டில் ஆளைப் பிடிப்பது ஒரு துறை. விசாரிப்பது ஒரு துறை. பூட்டுவது ஒரு துறை. பூட்டுக்கு எண்ணெய் போடுவது இன்னொரு துறை. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இனிமேல் விசாரிப்பதும் பூட்டுவதும் ஒரே கூரையின் கீழ் என்று மந்திரிசபை முடிவு செய்தது. கூரை தலைநகரத்தில் இருந்தது.

முப்பிடாதிக்குத்தான் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவள் வீடு சிறை மதிலுக்கு எதிரே இருந்தது. நடுவில் ஒரு ரோடு. மதிலுக்கு உள்ளே அவள் புருஷன் பூதத்தான் இருந்தான்.

பூதத்தான் உள்ளே போனது ஒரு வரப்புத் தகராறில். தகராறில் ஒருவர் செத்துப்போனார். பூதத்தான்தான் வெட்டினான் என்று நீதிமன்றம் சொன்னது. பூதத்தானும் அதையேதான் சொன்னான். ஆயுள் தண்டனை. வரப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அவன் உள்ளே போன வருஷமே முப்பிடாதி ஊரைக் காலி செய்துகொண்டு வந்து மதிலுக்கு எதிரே வீடு பிடித்தாள். பதினாலு வருஷம் ஆகிவிட்டது. சாயங்காலமானால் மதிலின் நிழல் ரோட்டைத் தாண்டி வந்து அவள் வாசலில் படுத்துக்கொள்ளும். அந்த நிழலில் உட்கார்ந்துதான் பீடி சுற்றுவாள். கவர்மெண்டு நிழல் என்பதால் யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனு நாள். சிறையில் மனு என்றால் எழுதிக் கொடுக்கிற காகிதம் இல்லை. கைதியைப் போய்ப் பார்த்துப் பேசுவதற்கே மனு என்றுதான் பெயர். நீளமான ஓர் அறை, நடுவில் கம்பிவலை. இந்தப் பக்கம் வந்தவர்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். "ஆடு குட்டி போட்டிருக்கு" என்று முப்பிடாதி கத்துவாள். பூதத்தானுக்குப் பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து சந்தோஷப்படுவார்.

அவள் தூக்குச்சட்டியில் சாளை மீன் குழம்பு கொண்டுபோவாள். சட்டி வலைக்குள் நுழையாது. மூடியைத் திறந்து காட்டுவாள். பூதத்தான் பார்ப்பான். அடுத்த வாரம், "போன வாரம் உப்பு கூட" என்பான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

மனு அறைக்குக் காவல் வார்டர் அருமைநாயகம். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சட்டம். "தூக்குச்சட்டி யாரு கையில இருக்கோ அவுக வெளிய. வெறுங்கையோட நிக்கது உள்ள. இத வச்சே என் சர்வீச ஓட்டிட்டேன்" என்பார். அது ஒருநாளும் தப்பியதில்லை.

நேரம் முடிந்ததும் மணி அடிப்பார். முப்பிடாதி, "போயிட்டு வாரேன்" என்பாள். பூதத்தான், "ரோட்டப் பாத்துக் கட" என்பான். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதேதான். அந்த ரோட்டில் வண்டி வருவதே அபூர்வம். ஆனாலும் அவன் சொன்னானே என்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடப்பாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிறைக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. பெரிய வாசலுக்கு ரோஜா மாலை போட்டார்கள். பொன்னாடை எட்டவில்லை, நாலைந்தை முடிச்சுப் போட்டு இணைத்துப் போர்த்தினார்கள். கேசரி, மிக்சர், காபி. சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். சிறை அதை வாங்கித் தன் சுவரிலேயே மாட்டிக்கொண்டது.

சூப்பிரண்டு மைக்கைப் பிடித்தார். "இத்தன வருசத்துல இது ஒரு நாள் லீவு போட்டதில்ல. லேட்டா வந்ததில்ல. யாரு வந்து நின்னாலும் எடமில்லன்னு சொன்னதில்ல" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சிறையின் மேல்தொட்டி நிரம்பி மதிலோரமாகத் தண்ணீர் வழிந்தது. தொட்டிதான் என்றார்கள் சிலர். முப்பிடாதி நம்பவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. புருஷனைப் பூட்டிவைத்த மதிலுக்காக அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதாள்.

மிக்சர் தட்டோடு நின்ற அருமைநாயகத்திடம் போனாள்.

"அண்ணாச்சி, தலைநகரம் எம்புட்டு தூரம்?"

"சிறை நடக்குத நடைக்கு ரெண்டு மழக்காலம் ஆவும்மா."

"அப்ப நா எப்படி மனு பாக்கது?"

"அத அங்க உள்ள துறையிலதான் கேக்கணும்."

"அந்தத் துறை எங்க இருக்கு?"

"போயிச் சேந்தாத்தான் தெரியும்" என்று சொல்லி மிக்சரில் கடலையைத் தேடினார்.

மறுநாள் காலையில் சிறை விடுவிக்கப்பட்டது. சேறு படாமல் சேலையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கியது. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். சிறை அசைந்துகொண்டே காலைக் கஞ்சியை முடித்தது.

கம்பிவலை மட்டும் போகவில்லை. மதிலும் கொட்டடிகளும் கைதிகள் கட்டியவை. அவை சிறைக்குச் சொந்தம். மனு அறையின் வலை பொதுப்பணித்துறை போட்டது. அதற்கு மாற்றல் இல்லை. வெறும் பொட்டலில் அது தன்னந்தனியாக நின்றது.

முப்பிடாதி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். தன் வீட்டு வாசலில் பூதத்தான் நின்றுகொண்டிருந்தான்.

"ஜாயினிங் டைமாம்" என்றான்.

ஒரு துறையிலிருந்து விடுபட்டு இன்னொரு துறையில் சேர்கிற வரைக்கும் சிறை யாருக்கும் சொந்தமில்லை. உள்ளே இருப்பவர்களும் அப்படித்தான். மற்ற கைதிகள் தலைநகரம் பார்க்கிற ஆசையில் சிறையோடு போய்விட்டார்கள். "ஒனக்கு வீடு எதுத்தாப்லதானே, ஒரு எட்டு போயிட்டு ஓடியாந்துருன்னு சொன்னாவ" என்றான் பூதத்தான்.

"உள்ள வாங்க."

அவன் வரவில்லை. திறந்திருந்த கதவுக்கு முன்னால் அப்படியே நின்றான். முப்பிடாதிக்குப் புரிந்தது. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைச் சத்தம் கேட்கிற மாதிரி போட்டு, சத்தம் கேட்கிற மாதிரி எடுத்து, மறுபடி திறந்தாள். வந்தான்.

சோறு வைத்துக் குழம்பு ஊற்றினாள். பார்த்தான். "நல்லாருக்கு" என்று எழுந்து கை கழுவப் போனான். பிடித்து உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்ல வேண்டியிருந்தது.

பேச்சுத்தான் வரவில்லை. கத்திக் கத்தியே பேசிப் பழகியதை மெதுவாக எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் சுவரைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். பதினாலு வருஷமாக நினைத்து நினைத்து ஏங்கிய நாள் இதுதானா என்று அவளுக்குப் பொருமலாக இருந்தது.

சாயங்காலம் கணக்கெடுக்கிற நேரம் வந்தது. சிறையில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து எண்ணுவார்கள். பூதத்தான் வாசலில் போய்க் குத்தவைத்தான். பக்கத்து இடம் காலியாக இருந்தது. முப்பிடாதி போய் ஜோடியாக உட்கார்ந்தாள். எண்ணுவதற்கு யாரும் வரவில்லை. நிழலும் வரவில்லை. எதிர்ப் பொட்டலில் வெயில் கிடந்தது.

"மதிலு இருந்தப்ப எவ்வளவு நல்லாருந்துச்சி" என்றான்.

"ஆமா" என்றாள். அது பொய்யில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முப்பிடாதி காலையிலேயே குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றினாள்.

"கெளம்புங்க."

"எங்க?"

"மனுவுக்கு."

அவன் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திக் கூட்டிப்போனாள். வலையிடம் வந்ததும், யாரும் சொல்லாமலே பூதத்தான் அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றான். இந்தப் பக்கமும் பொட்டல்தான், அந்தப் பக்கமும் பொட்டல்தான். ஆனால் வலையைப் பிடித்ததும் அவன் முகத்துக்கு வெளிச்சம் வந்துவிட்டது.

"ஏட்டி, சொவமா இருக்கியா?" என்று கத்தினான்.

"சொவந்தான். நீங்க எளைச்சிட்டிய!" என்று இவளும் கத்தினாள்.

அப்புறம் நிற்கவில்லை. ஆடு, கூரை, திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கும் மகள், மகளுக்கு வந்த மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் பல்வரிசை என்று வரிசையாக வந்தது. கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் எல்லாருக்கும் மேலாகக் கேட்க வேண்டும் என்று கத்தினார்கள்.

"ஒன் பச்சச் சேல எங்க?" என்றான் பூதத்தான்.

"பெட்டியில கெடக்கு. ஏன்?"

"நாலஞ்சு நாளாக் கொடியில காணல. என் கொட்டடி சன்னல் வழியாப் பாத்தா ஒன் துணிக்கொடி பாதி தெரியும். பச்சச் சேல காஞ்சா, அன்னைக்கி ஒனக்கு நல்ல நாளுன்னு நெனச்சிக்கிடுவேன்."

"இத்தன வருசமா இதச் சொல்லலியே?"

"ஆடு குட்டி போட்டதக் கேக்கவே நேரம் பத்தலயே."

முப்பிடாதி ரோட்டுக்கு அப்பால் தன் துணிக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள். பார்ப்பதற்கு ஆளில்லாத வீட்டில் தனியாக இருந்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தாள்.

அப்போது அருமைநாயகம் சைக்கிளில் வந்து இறங்கினார். வேர்த்திருந்தது.

"சிறை ரயில்வே கேட்டுல நிக்கி. கேட்டப் போட்டுட்டான். சும்மாதான நிக்கோம்னு எண்ணிப் பாத்தா ஓராளு கொறையுது" என்றார். "கொறைஞ்ச கணக்கோட போனா அங்க சேத்துக்கிட மாட்டாவ."

"யாரு கொறையுது?" என்றாள் முப்பிடாதி.

"அது தெரியாது. ஓராளு."

"பேரு?"

"பேரு நீதித்துறை. எண்ணிக்கதான் எங்க துறை." அவர் வலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். மதில் இல்லாமல் அவருக்குத் திசை தெரியவில்லை. "இதுல உள்ள நிக்கது யாரு?"

பூதத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அருமைநாயகத்துக்கு முகத்தைப் பார்க்கிற வழக்கமில்லை. அவர் கண் கைகளைத் தேடிக் கீழே இறங்கியது. அது இறங்குவதை முப்பிடாதி பார்த்தாள்.

வலையின் ஓரத்தைச் சுற்றிக் கையை நீட்டித் தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். "பிடிங்க."

யாராவது சாப்பாட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வது அவனுக்குச் சிறையில் வந்த பழக்கம். வாங்கினான். விரலில் விரல் பட்டது. மனுவில் அப்படிப் பட்டது அதுதான் முதல் தடவை.

"தூக்கு அவரு கையில இருக்கு" என்றார் அருமைநாயகம்.

"இருக்கு."

"நீங்க வெறுங்கை."

"வெறுங்கைதான் அண்ணாச்சி."

"அப்ப நீங்கதான் உள்ள." அவருக்குப் பெரிய நிம்மதி. சட்டம் இந்தத் தடவையும் தப்பவில்லை.

"ஏட்டி, என்ன வேல பாக்க?" என்றான் பூதத்தான். "நா செஞ்சதுக்கு நீ எதுக்கு உள்ள போவணும்?"

"நீங்க செஞ்சதுக்குத்தான் நா எதுத்தாப்ல இருந்தேன். பாதிய நீங்க இருந்தாச்சி. மீதிய நா இருந்து பாக்கேன்."

அவன் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அருமைநாயகம் சைக்கிள் மணியை அடித்தார். மனு நேரம் முடிந்துவிட்டது. வெளியே இருப்பவர்கள் போக வேண்டும்.

பூதத்தான் வலையிலிருந்து கையை எடுத்தான். "போயிட்டு வாரேன்" என்றான். அந்த வார்த்தையை அவன் சொல்லிப் பதினாலு வருஷம் ஆகிறது.

"ரோட்டப் பாத்துக் கடங்க" என்றாள் முப்பிடாதி. "சிறை நிக்க எடத்தக் கேட்டு அடுத்த வாரம் பஸ் ஏறி வாங்க. அங்க வல இருக்கோ என்னமோ. இல்லன்னா நடுவுல பிடிக்க மாவு சலிக்குத சல்லடைய எடுத்துட்டு வாங்க."

அவன் ரோட்டோரம் போய் நின்றான். வலது பக்கம் பார்த்தான். இடது பக்கம் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் வலது பக்கம் பார்த்தான். பிறகு தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடந்தான். போகிறவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் லேசில்லை என்று முப்பிடாதிக்கு அன்றுதான் தெரிந்தது.

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனாள். ரயில்வே கேட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் சிறை பொறுமையாக நின்றது. வேர்க்கடலை விற்கிறவர் சன்னல் சன்னலாகப் போய் விற்றுக்கொண்டிருந்தார். அவளை உட்காரவைத்து எண்ணினார்கள். கணக்கு சரியாக வந்தது. ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கையில் அது வராது.

பூதத்தானுடைய கொட்டடியைக் கொடுத்தார்கள். அவள் போனதும் சன்னலுக்குத்தான் போனாள். அவ்வளவு தூரம் வந்திருந்தும் அவள் வீட்டுத் துணிக்கொடி பாதி தெரிந்தது. கொடி காலியாக இருந்தது.

ரயில் போயிற்று. கேட்டைத் தூக்கினார்கள். பஸ் நகர்ந்தது. சிறை அஸ்திவாரத்தைத் தூக்கிப் பிடித்தது.

அப்போது கொடியில் பச்சையாக என்னவோ ஏறியது. ஒரு பக்கம் தரையில் புரண்டது. பூதத்தான் அதை இழுத்துச் சரிசெய்தான். மறுபக்கம் கீழே போயிற்று. ஓடிப்போய் அதை இழுத்தான். கடைசியில் ஒருவழியாக நின்றது. சேலையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டிருந்தான்.

சிறை நடந்தது. முப்பிடாதி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கத்திச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது.