ரெண்டு ஹார்ன் சோறு

மதுரைவீரன் சோற்றுக் குவியலின் நடுவில் ஆள்காட்டி விரலைக் குத்தினார். விரல் சாவகாசமாக உள்ளேயே இருந்தது. சுடவில்லை. தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தார்.

"யாருக்கு வெச்ச சோறும்மா இது?"

கத்தவில்லை. பெரிய கடைவீதியில் நாற்பது வருடமாகப் பாத்திரக் கடை நடத்துகிறவர். குரலை உயர்த்தாமலே எதிரில் நிற்பவரைச் சில்லறையாக்கத் தெரிந்தவர்.

"வாசல்ல பத்து நிமிஷம் போன் பேசிட்டு நின்னுட்டீங்க மாமா, அதான்..." என்றாள் மருமகள் இளவேனில்.

"ஓ, நான் போன் பேசுனது தப்பு. சரி. வேற வடி."

ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டுக்கென்று ஒரு முறை இருந்தது. மதியம் ஒன்றரைக்குக் கடையிலிருந்து அப்பாவும் மகனும் ஒரே ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வருவார்கள். தெருமுனையில் திரும்பும்போது ரெண்டு ஹார்ன். முதல் ஹார்னுக்குக் கஞ்சி வடிய வேண்டும். இரண்டாவதுக்கு அப்பளம் எண்ணெயில் இறங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துக் கடிகாரம் திருத்திக்கொண்டார்கள். ரயில்வேக்குக்கூட அமையாத ஒழுங்கு. ரயில் லேட்டானால் அறிவிப்பாவது வரும்; இவர் வாசலில் நின்று போன் பேசினால் சோறு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இளவேனில் மறுபடி உலை வைத்தாள். அது கொதிக்கும் நேரத்தில் பேசிவிடலாம் என்று, கையில் வைத்திருந்த கவரை மேஜை மேல் வைத்தாள். துறையூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை. மூன்று வருடம் பரீட்சை எழுதிக் கிடைத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இன்று வெள்ளி.

மதுரைவீரன் கண்ணாடியை மாட்டி முழுவதும் படித்தார்.

"சந்தோஷம்தான்மா. நான் என்ன அந்தக் காலத்து ஆளா? தாராளமாப் போ. மத்தியானம் மட்டும் வந்துட்டுப் போயிடு."

துறையூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போக ஒன்றரை, வர ஒன்றரை. நடுவில் கணக்கெழுதும் மேஜைக்கு எப்போது போவது என்பது அவர் கடைச் சரக்கில்லை.

"காலையிலயே ஆக்கி ஹாட்பாக்ஸ்ல வெச்சிட்டுப் போறேன் மாமா. நம்ம கடையில விக்கிறதுதானே."

மதுரைவீரனுக்கு நிஜமாகவே அருவருப்பாக இருந்தது.

"மூடி போட்டு வேர்த்துப்போன சோத்த மனுஷன் திம்பானா? அது விக்கிறதுக்கும்மா."

கடையில் இதே மனிதர் ஹாட்பாக்ஸை உள்ளங்கையில் ஏந்தி, "காலையில வெச்சீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் ஆவி பறக்கும்க்கா. எங்க வீட்லயே இதான்" என்பார். முசிறியிலிருந்து சீர்ப் பாத்திரம் வாங்க வரும் பெண்கள் அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் பையைத் திறப்பார்கள்.

இளவேனில் புருஷனைப் பார்த்தாள். சித்தார்த் எம்.பி.ஏ. படித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிட்ஜ் கதவைத் திறந்தபடி முதல்நாள் பீட்சாவை நின்றுகொண்டே தின்கிறவன்.

"அப்பாவுக்கு ஆறினது ஒத்துக்காது இளா. கேஸ் டிரபிள்."

"கேஸ் இல்லடா, விஷம்" என்று திருத்தினார் மதுரைவீரன். "ஆறின சோறு ஒடம்புக்கு விஷம். நம்ம வீட்டுல இன்னிய வரைக்கும் யாரும் அதத் தொட்டது கிடையாது."

அடுப்படி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அழகம்மாள் தலை நிமிர்ந்தாள். மதுரைவீரனின் மனைவி. முப்பத்து நாலு வருடம் அந்த ரெண்டு ஹார்னுக்கு வடித்து, முட்டி இரண்டும் வீங்கி, இரண்டு வருடத்துக்கு முன் கரண்டியை மருமகள் கையில் கொடுத்தவள். ஆண்கள் சாப்பிட்டு, மறு சோறு, மோர் எல்லாம் முடிந்து, கை கழுவி, படுத்து எழுந்து கடைக்குக் கிளம்பிய பிறகு மூன்று மணிக்கு மாமியாரும் மருமகளும் தட்டெடுப்பார்கள். அதற்குள் குழம்பின் மேல் எண்ணெய் உறைந்திருக்கும். அதைப் பழக்கம் என்றுகூட யாரும் சொன்னதில்லை. அந்த வீட்டில் 'யாரும்' என்றால் அந்த இரண்டு ஆண்கள்தான்.

இரண்டாவது சோறு வந்தது. விரல் குத்தினார். சுட்டது. "இது சோறு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை இளவேனில் இன்னும் இரண்டு தரம் கேட்டாள். ஒருதரம் மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டினார். இன்னொருதரம் சித்தார்த், "அடுத்த எக்ஸாம் திருச்சிக்குள்ளயே பாரேன்" என்றான். வங்கிகள் எல்லாம் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் கிளை திறக்கக் காத்திருப்பதுபோல.

அப்போதுதான் அழகம்மாள் வாய் திறந்தாள்.

"நீ போய்ட்டு வாம்மா. மத்தியானத்துக்கு நான் வடிச்சுக்கறேன்."

மதுரைவீரன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தியாடா, பிரச்சினை முடிஞ்சுது" என்றார் மகனிடம். "முட்டி வலிக்குமேம்மா" என்றான் மகன், போனைப் பார்த்தபடி. அத்துடன் பிள்ளைக் கடமை முடிந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே சமையலை முடித்துவிட்டு, ஏழுமணிக்கெல்லாம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போனாள் இளவேனில். பத்தே காலுக்கு அழகம்மாளின் போன் அடித்தது.

"அத்தை, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நல்லா இரு. மத்தியானம் என்ன திம்ப?"

"எலுமிச்சை சாதம் கட்டிட்டு வந்திருக்கேன் அத்தை. ஆறிப்போயிருக்கும், பரவால்ல."

"அது ஒண்ணும் பண்ணாதுடி" என்றாள் அழகம்மாள். "எனக்குத் தெரியும்."

ஒன்றரைக்குத் தெருமுனையில் ரெண்டு ஹார்ன் கேட்டது. அழகம்மாள் அடுப்பிலிருந்த சின்னப் பானையை இறக்கி வடித்தாள். ஓர் ஆளுக்கான சோறு. ஒரே ஓர் அப்பளம் பொரித்தாள்.

கை கழுவி வந்த இருவரும் மேஜைக்கருகில் நின்றுவிட்டார்கள். மதுரைவீரனின் நாற்காலியில் அழகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"என்னடி இது? எங்களுக்கு?"

இடதுகையால் காட்டினாள். மேஜையின் மறுமுனையில் சிவப்பு ஹாட்பாக்ஸ். அவர் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் அப்படியே இருந்தது.

"காலையில ஆறு மணிக்கு இளவேனில் வடிச்சது. போட்டுக்குங்க."

"ஏன், நீ வடிக்கிறேன்னு சொன்னியே?"

"வடிச்சேனே. எனக்கு."

"அழகம்மா, வெளையாடாத. ஆறின சோறு..."

"விஷம். கேட்டேன் அன்னிக்கு. முப்பத்தாறு வருஷமா மூணு மணிக்கு நான் அதத்தான் திங்கிறேன். செத்திருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

சித்தார்த்துக்குப் பசி. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் திருகினான். குபுக்கென்று ஆவி எழுந்தது. ஹாட்பாக்ஸ் விற்ற இருபது வருடமும் வாடிக்கையாளர்களிடம் தான் பேசிவந்தது உண்மைதான் என்பது மதுரைவீரனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கடையில் வாடிக்கையாளர் உட்காருவதுபோல், தன் வீட்டில் முதல்முறையாக, எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அழகம்மாள் அவர்களைப் பார்க்கவில்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். விரல் சுட்டது, உதறிக்கொண்டாள். ஒரு கவளம் வாயில் போட்டவள் திணறிப் போனாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. சூடான சோற்றை ஊதித் தின்று அவளுக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்து விசிறிக்கொண்டாள். நாக்கு வெந்துபோயிருந்தது.

தண்ணீரைக் குடித்துவிட்டு, தட்டையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா என்னை நிக்க வெச்சீங்க?"

பிறகு, அவசரப்படாமல், அடுத்த கவளத்தை ஊத ஆரம்பித்தாள்.