இரண்டு மணி மோட்டார்

தன் கோழிப்பண்ணை ஆள் சடையனை வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவு செய்த பிறகுதான் தண்டாயுதபாணி என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த முதலாளிகள் முதலில் ஆளைப் பிடிப்பார்கள், பிறகுதான் பழுதைத் தேடுவார்கள்.

கோழிக் கொட்டகைகளில் விசிறிகளை இயக்கும் கன்ட்ரோலர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. சேலத்திலிருந்து பரமத்தி வேலூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நான்கு பக்கமும் மூடிய கொட்டகை, இருபதாயிரம் கோழிகள். மே மாத வெயிலில் கால் மணி நேரம் விசிறி நின்றால் போதும், சுருண்டு விழும். செவ்வாய்க்கிழமை முந்நூறு விழுந்திருந்தன.

தண்டாயுதபாணி செல்போனில் கேமரா பதிவைக் காட்டினார். தினமும் மதியம் இரண்டு மணிக்குச் சடையன் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து கையை விடுகிறான்.

"ஏனுங்க அம்மிணி, இவன் நோண்டி நோண்டியே கெடுத்துப்போட்டான். இன்னிக்கே ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டனுங்க."

பெட்டியில் ஒரு வயர்கூடத் தளரவில்லை. வோல்டேஜைப் பதிவு செய்யும் கருவியை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். சரியாக இரண்டு மணிக்கு 230 சரிந்து 140 ஆனது. சில நொடியில் வோல்டேஜ் ஏறியும் கன்ட்ரோலர் செத்தே கிடந்தது, விசிறிகள் நின்றன. அதற்குப் பிறகுதான் சடையன் ஓடி வந்தான். பெட்டியைத் திறந்து சுவிட்சை அணைத்து மறுபடி போட்டான். விசிறிகள் சுற்றின.

"ரெண்டு மணிக்குத் தோட்டத்து மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் வருமுங்க மேடம். அப்ப இது நின்னுக்கும். அதான் பக்கத்துலயே இருந்துக்குவேன்."

"செவ்வாய்க்கிழமை எங்கே போனீங்க?"

"மொதலாளி வெத்தலைக் கட்டோட சந்தைக்கு அனுப்புனாருங்க."



தண்டாயுதபாணியைக் கூட்டிக்கொண்டு அவருடைய வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போனேன். அதே டிரான்ஸ்பார்மரில் பதினைந்து குதிரைத்திறன் மோட்டார். மின்சாரம் வந்ததும் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர். எத்தனை நிமிடம் கழித்து ஓட வேண்டும் என்று வைக்கும் திருகு பூஜ்யத்தில் நின்றது. மின்சாரம் வந்த நொடியே மற்றத் தோட்டத்து மோட்டார்களோடு இதுவும் சேர்ந்து இழுத்ததில்தான் வோல்டேஜ் சரிந்திருக்கிறது.

"இதை யாருங்க இப்படி வெச்சது?"

"நாந்தானுங்க," என்றார். "பக்கத்துத் தோட்டத்துக்காரன் மோட்டார் ஓடறதுக்கு முந்தி நம்ம மோட்டார் ஓடோணுமல்ல. இல்லாட்டி தண்ணி அவனுக்குப் போயிருமுங்க."

திருகை ஐந்து நிமிடத்துக்கு வைத்தேன். கன்ட்ரோலருக்கு மட்டும் தனியாக ஒரு யுபிஎஸ் மாட்டினேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன், கன்ட்ரோலர் அணையவில்லை.

வெளியே சடையனின் மனைவி அத்தாயி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தாயி, மூட்டையைப் பிரி. எங்கயும் போக வேண்டாம்," என்றார் தண்டாயுதபாணி.

அவள் நிமிரவில்லை. "கேமராவைப் பாத்தீங்க. இவர ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாருங்களே," என்று சொல்லிக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

சடையன் மூட்டையைத் தலையில் ஏற்றினான். கொட்டகையைத் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு ரெண்டு மணிக்கு மட்டும் யாராச்சும் பக்கத்துல நின்னுக்கங்க சாமி," என்றான். இருவரும் கரூர் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.