ஒயின் இல்லாத நீல ஜாடி

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் கணவன் கொர்னேல் சமையலறைக்குள் மூக்கை நுழைக்கும்வரை.

அன்று அவனுடைய பெயர்நாள்; அவன் பெயருக்கென்று காலண்டரில் குறித்த நாள், பிறந்தநாள் மாதிரி கொண்டாடுவோம். ஜூலை வெயில் மண்டையைப் பிளந்தது. பாலட்டோன் ஏரிப் பக்கமிருந்து பேருக்குக்கூடக் காற்று இல்லை. தோட்டத்து விருந்துக்கு இரண்டு ஜாடிகளில் கலந்து வைத்திருந்தேன். வெள்ளை ஜாடியில் மாமனார் தெஜோவின் சொந்தத் தோட்டத்து ஒயின், சோடா, போட்ஸா என்ற வெள்ளைப் பூவின் மணமான பாகு, எலுமிச்சை, புதினா. நீல ஜாடியிலும் அதேதான், ஒயின் மட்டும் கிடையாது. நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கொஞ்சம் ஆப்பிள் சாறு விட்டு ஒப்பேற்றியிருந்தேன்.

நீல ஜாடி என் தம்பி ஜோம்போருக்கு. போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்ததிலிருந்து அவன் குடியைத் தொடுவதில்லை. ஒரு வாய் உள்ளே போனாலும் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் ஊரில் வெறும் சோடாவோடு ஒருவன் உட்கார்ந்தால் விடுவார்களா? "என்னடா, மாத்திரை சாப்பிடுறியா? பொண்டாட்டி அடிப்பாளா?" என்று பிய்த்து எடுத்துவிடுவார்கள். மாமனாரோ, தன் ஒயினை வேண்டாமென்றால் தன்னையே வேண்டாமென்றதாக முறுக்கிக்கொள்பவர். அதனால் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. கொர்னேலிடமும்தான். அவன் வாயில் எது தங்கும்?

"நீல ஜாடி உனக்கு. தைரியமா குடி," என்று தம்பியிடம் மட்டும் சொல்லிவைத்தேன். சரி என்று தலையாட்டினான்.

தட்டுகளை வெளியே வைத்துவிட்டுத் திரும்பினால் நீல ஜாடியைக் காணோம். கொர்னேல் கரண்டியை நக்கிக்கொண்டு நிற்கிறான்.

"எமெஷே, வெயில்ல உனக்கு மூளை உருகிடுச்சா? அந்த நீல ஜாடியில ஒயின் ஊத்தவே மறந்துட்ட! நல்லவேளை, நான் ருசி பார்த்தேன். ஒரு பாட்டில முழுசா கவுத்து மேஜையில வச்சிட்டேன்."

"அடப்பாவி!"

ஓடினேன். தோட்டத்தில் எல்லோரும் கண்ணுக்குக் கண் பார்த்துக் கிளாஸ்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் கிளாஸ் அவன் உதட்டுக்குப் போய்விட்டது.

"குடிக்காதடா! அதுல ஒயின் இருக்கு!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இருந்தா என்னம்மா?" என்றார் மாமனார். "என் ஒயின் என்ன விஷமா?"

ஜோம்போர் கிளாஸைக் கீழே வைத்தான்.

"நான் குடியை விட்டுட்டேன் மாமா. திரும்பத் தொட்டா செத்துருவேன்."

மாமனார் அவனையே பார்த்தார். பிறகு அந்தக் கிளாஸை எடுத்துத் தன் அருமை ஒயினைப் புல்லில் கொட்டினார். சோடா பீய்ச்சும் சைஃபன் பாட்டிலை அழுத்தி, நுரை வழிய நிரப்பி அவன் முன் வைத்தார்.

"இத முதல்லயே சொல்றதுக்கு என்னடா கேடு?"

பின்னால் கொர்னேல் வெளிறிப்போய் நின்றான். "என்கிட்டயாவது சொல்லியிருந்தா நான் ஊத்தியிருப்பேனா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல், அந்த ஒயின்மேல், பாழாய்ப்போன வெயில்மேல். "எப்படிச் சொல்லுவேன்? உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். என் தம்பிக்கு அவமானம்..."

"எனக்கா?" என்றான் ஜோம்போர், சோடாவை ஒரு மடக்கு குடித்துவிட்டு. "யார்கிட்டயும் சொல்லாதன்னு நான் எப்பக்கா சொன்னேன்?"