வலையில் தங்கிய ஆலங்கட்டி

எங்கள் மலையடி ஊரான மிதெல்த்தில் மார்ச் வரைக்கும் பனி கிடக்கும். ஆப்பிள் பூத்தால் உறைபனிக்குப் பயம், காய் பிடித்தால் ஆலங்கட்டிக்குப் பயம். ஜூன் மாதம் காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் அய்யாஷி மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறினால் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

இஸ்ஸாவுக்கு நூற்றிருபது ஆப்பிள் மரம். கணவர் இறந்தபின் தனியாகவே பார்த்துவந்தாள். பக்கத்துத் தோட்டம் ஸைதுடையது. போன வருஷம் அவன் மரங்களுக்கு மேலே ஆலங்கட்டியைத் தடுக்க வலை கட்டினான். அதிலிருந்து தன் பக்கம் தேனீயே வருவதில்லை என்று அவள் குறைபட்டாள். அவன் சந்தையில் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தான். அதோடு பேச்சு நின்றது. அவன் மனைவி ஃபத்மாவுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாளாகியும் இஸ்ஸா எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸைத் சந்தைக்குப் போயிருந்தபோது ஆலங்கட்டி விழுந்தது. கால் மணி நேரம்தான். இஸ்ஸா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லிக்காய் அளவு காய்கள் கிழிந்து, இலையோடு தரையில் கிடந்தன. மழை விட்டும் அவள் அழவில்லை. அப்போதுதான் பக்கத்தில் மரம் முறிகிற சத்தம் கேட்டது.

ஸைதின் வலை ஐஸ் பாரத்தில் தொட்டில் மாதிரித் தொங்கியது. அதைத் தாங்கிய மரக்கம்பம் ஒன்று முறிந்து சாய்ந்துவிட்டது. பிரசவ உடம்போடு ஃபத்மா கழியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தாள்.

இஸ்ஸா வேலியைத் தாண்டிப் போய் கழியைப் பிடுங்கினாள்.

"உள்ள போடி. குளிர் பட்டா பால் கட்டிக்கும்."

வலையைக் கீழிருந்து முட்டி, ஐஸை மர வரிசைகளுக்கு நடுவே வலை திறந்திருந்த இடைவெளிப் பக்கமாகத் தள்ளிவிட்டாள். தலையிலும் தோளிலும் கொட்டியது. பதினாலு வரிசை. ஸைத் திரும்பி வந்தபோது அவள் கடைசி வரிசையில் இருந்தாள். விரல்கள் சிவந்து, கழியை விட முடியாமல் மடங்கியிருந்தன.

அவன் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அங்கிருந்தே தெரிந்தது.

"உங்களுது எல்லாம் போச்சேக்கா. இங்க எதுக்கு வந்தீங்க?"

"அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?" என்றாள். மடங்கிய விரல்களைக் கழியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு ரெண்டு தோட்டத்தப் பாத்து அழ என்னால ஆகாது தம்பி" என்றாள்.

சந்தையில் சிரித்தது தப்பு என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் ஃபத்மா கொடுத்த சூடான சூப்பைக் குடித்துவிட்டு, கை சூடேறும்வரை காத்திருந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஸைத் தன் வேலையைப் போட்டுவிட்டு அவள் தோட்டத்துக்கு வந்தான். காயம்பட்ட காய்களைக் கிள்ளி எறிய, முறிந்த கிளைகளை வெட்ட, மூன்று நாள் ஆனது. அக்டோபரில் அவள் மரங்களில் நல்ல பழம் பதினோரு பெட்டிதான் தேறியது. மற்றது சாறு பிழிகிற ஆலைக்குப் போனது. அந்த வருஷம் பனி சீக்கிரமே விழுந்தது. இரண்டு தோட்டத்திலும் கிளை கழிக்கிற கவாத்து வேலையை அவர்கள் சேர்ந்தே முடித்தார்கள்.