பத்தியப் பால்

ஜூலியேத் வாயைத் திறந்தால் பிள்ளைப் பெருமைதான். "எங்க எட்மோன் அழவே மாட்டான், அவ்வளவு சாது" என்று கான் ஹொய் துறைமுகப் பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மூன்று மாதக் குழந்தை அழாமல் கிடக்கிறதே என்று ஒரு நாளாவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. குடித்த பாலைக் கக்கினான், முகம் உப்பியிருந்தது. சதை பிடிக்கிறது என்று பூரித்துப்போனாள், பாவி.

பக்கத்து வீட்டு ரோசாலியும் கைக்குழந்தைக்காரிதான். அன்று காலை நெருப்பு வாங்க வந்தவள் தொட்டிலை எட்டிப் பார்த்து அலறினாள்.

"அடியே, புள்ள அழுவுதுடி!"

"எங்கடி அழுவுறான்? சத்தமே இல்லையே?"

"வந்து பாரு!"

வாய் ஆவென்று திறந்திருந்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. சத்தம் மட்டும் இல்லை, வெறும் காற்று. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஜூலியேத் பிள்ளையை வாரி எடுத்தாள். எத்தனை நாளாக இப்படி அழுகிறான்? அடுப்படியில் அவள் நிம்மதியாக வேலை பார்த்தபோதெல்லாம் அழுதுகொண்டுதான் கிடந்தானா?

துறைமுகக் கிடங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்த புருஷன் கப்ரியேலுக்கு ஆள் போயிற்று. பெண்கள் இருவரும் குழந்தையோடு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவனும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

வெள்ளைக்கார டாக்டர் குழந்தையின் நெஞ்சில் வெகுநேரம் குழல் வைத்துக் கேட்டார். பிறகு ஜூலியேத்தின் கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பிள்ளையைப் பாரய்யா என்றால் என் காலை எதற்குப் பிடிக்கிறான் இந்த மனுஷன் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

"என்ன சாப்பிடுறேன்னு கேக்குறாரு" என்றான் கப்ரியேல். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது.

"பத்தியந்தான். சோறு, மொளகுத் தண்ணி, சுட்ட கருவாடு. கீர கிடையாது, பருப்பு கிடையாது. ஊர்ல மூத்தவ இவோனப் பெத்தப்பவும் இதே பத்தியந்தானே இருந்தேன்? அவ குதிர மாதிரி இல்ல?"

டாக்டர் மறுபடி ஒரு கேள்வி கேட்டார். கப்ரியேலின் முகம் செத்துப்போயிற்று.

"சொல்லுங்களேன்!"

"எந்த அரிசின்னு கேக்குறாரு."

சொந்த ஊரான காரைக்காலில் புழுங்கலரிசி. கப்பலேறிப் பிழைக்க வந்த இங்கேயோ, பிள்ளை பெற்றவளுக்கு மட்டமான அரிசியா என்று, மில்லில் இரண்டு தடவை தீட்டிய பச்சரிசியாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்து போட்டவன் கப்ரியேல். முல்லை மொட்டு மாதிரி இருக்கும். அதன் தவிடெல்லாம் பன்றிக்குப் போயிற்று.

டாக்டர் பேசினார். கப்ரியேல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"சத்தெல்லாம் தவுட்டோட போயிடுதாம். புழுங்கலரிசின்னா அப்புடிப் போவாதாம். ஒன் ஒடம்புல அந்தச் சத்து இல்ல. அதனால..."

"அதனால?"

"ஒம்பால்லயும் இல்ல. அதக் குடிச்சுத்தான் இவனுக்கு இப்புடி ஆயிருக்கு."

"வாயக் கழுவுங்க!" என்று கத்தினாள். கக்கிவிட்டானே, வயிறு காய்கிறதே என்று மறுபடி மறுபடி மார்பில் போட்டுக் கொடுத்தவள் அவள்தானே. மாதாவே, இப்படியும் உண்டா?

"தவுட்டுச் சத்துல மருந்து தராராம். ஆனா ஒம்பால் இனி ஒரு வேளகூடக் கூடாதாம். இருதயம் வீங்கியிருக்கு, தாங்காதாம்."

ரோசாலி முன்னால் வந்தாள். "எம்பாலு ஆவுமான்னு கேளுங்கண்ணே."

என்ன சாப்பிடுகிறாள் என்று அவளையும் கேட்டார் டாக்டர்.

"எல்லாந்தான். முட்ட, பயறு, பன்னிக்கறி, தெருவுல விக்கிற கீர. நான் எந்தப் பத்தியத்தக் கண்டேன்?"

இதற்காகவே அவளைத் தீனிப்பண்டாரம் என்று தெருவெல்லாம் ஏசியவள் ஜூலியேத். டாக்டர் உடனே சரியென்று தலையை ஆட்டினார்.

ரோசாலி பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை மார்போடு அணைத்தாள். எட்மோன் வாய் வைத்தான். அதைப் பார்த்ததும் ஜூலியேத்துக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. குழந்தைக்குத் தாயின் வாடை தெரிந்துவிட்டது. ரோசாலியை விட்டுவிட்டு அவள் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தான்.

ஜூலியேத்துக்குக் கை தானாக நீண்டது. சட்டென்று இழுத்துக்கொண்டாள், மார்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி வெளியே ஓடினாள்.

"குடிக்கிறான்டி! வா, வந்து பாரு!" என்று உள்ளேயிருந்து ரோசாலி கத்தினாள்.

ஜூலியேத் உள்ளே போகவில்லை.